கிளாண்ட் சொட்டுவது பழுதல்ல: படகு ஷாஃப்ட் சீல் பற்றி ஓர் எளிய விளக்கம்

விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் குனிந்து பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். எஞ்சினிலிருந்து பின்பக்கமாகப் போகும் தடித்த தண்டு (ஷாஃப்ட்), படகின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் கிளாண்ட் என்ற ஒரு வெண்கலப் பெட்டி இருக்கும். அதன் விளிம்பிலிருந்து கடல்நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். அக்கரைப்பேட்டையானாலும் பழையாறானாலும் மல்லிப்பட்டினமானாலும் கரைப் பேச்சில் இந்தச் சொட்டுக்கு ஒரே தீர்ப்புதான்: “கிளாண்ட் ஒழுகுகிறது, இறுக்க வேண்டும்.” புதிதாகப் படகு வாங்கியவர் பதறிப்போகிறார். எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் ஸ்பேனரை எடுத்துச் சொட்டு அறவே நிற்கும் வரை திருகுகிறார். உலர்ந்த அறையோடு படகு தொழிலுக்குப் போகிறது. எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி விலை கூடியது. சொட்டை முழுக்க அடைத்த கிளாண்ட் உள்ளுக்குள் காய்ந்து, சூடேறி, நீரை அடைக்க உள்ளே திணித்திருக்கும் கயிற்றைக் கருக்கி, கடைசியில் ஷாஃப்டையே அரித்துவிடும். கயிறு மலிவு. ஷாஃப்ட் மலிவல்ல. அதை மாற்றப் படகைக் கரையேற்ற வேண்டும், புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும், அத்தனை நாளும் தொழில் நிற்கும். ஆகவே அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது, எவ்வளவு சொட்டலாம், கிரீஸ் எதற்கு, எப்போது கயிறு மாற்ற வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்த்துவிடுவோம்.

வயலில் இருக்கும் அதே கிளாண்ட்

காவிரி டெல்டாவில் கடலையே பார்க்காதவருக்கும் கிளாண்ட் தெரிந்திருக்கும். ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழம் குறைந்த குழாய்க் கிணறு இறக்கி, மேலே ஆயில் எஞ்சினும் பெல்ட்டும் பம்பும் வைத்துத் தண்ணீர் இறைக்கும் எந்த விவசாயியும் அதோடு பழகியவர்தான். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம் சுழல வேண்டும். அதைச் சுழற்றும் பெல்ட் வெளியே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு பம்பின் சுவரைத் துளைத்துத்தான் போயாக வேண்டும். துளை என்றால் இடைவெளி. இடைவெளி என்றால் ஒழுக்கு. அதை அடைக்கத் தண்டைச் சுற்றி மெழுகும் எண்ணெயும் ஊறிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாகத் திணித்து, முன்னால் ஒரு தகட்டை வைத்து இரண்டு நட்டால் அழுத்துகிறார்கள்.

இதில் கைதேர்ந்த விவசாயி என்ன செய்கிறார் என்று பாருங்கள். கயிறு தளர்ந்தால் பம்பு காற்றை உறிஞ்சி இறைப்பை விட்டுவிடும், அதனால் இறுக்குவார். அளவுக்கு மேல் இறுக்கினால் தண்டு பிடித்துக்கொண்டு எஞ்சின் திணறும், பெல்ட் வழுக்கும். அதனால் சற்றுத் தளர்த்துவார். இரண்டுக்கும் நடுவில், கிளாண்டிலிருந்து மெல்லச் சொட்டிக்கொண்டிருக்கும் நிலையில் விட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்தச் சொட்டைப் பார்த்து எந்த விவசாயியும் பயப்படுவதில்லை. படகில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

படகுக்குள் வந்தால் என்ன மாறுகிறது

பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் கியர் பெட்டியையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் தண்டு ஷாஃப்ட். அது படகின் உடலைக் கடந்து போகும் குழாய் ஸ்டெர்ன் டியூப். அந்தக் குழாயின் வெளி முனையில், புரொப்பெல்லருக்குப் பக்கத்தில், ஷாஃப்டைத் தாங்கும் உருளை புஷ். உள் முனையில், எஞ்சின் அறையில், நீரைத் தடுக்கும் பெட்டி கிளாண்ட். பெட்டிக்குள் திணிக்கும் சதுரக் கயிறு பேக்கிங். அதை அழுத்தும் விளிம்பு வைத்த வளையம் கிளாண்ட் மூடி. இவ்வளவு போதும்.

வயல் பம்பில் ஒழுகிய நீர் மண்ணில் விழுந்து மறைந்துவிடும். படகில் அது உள்ளேயே தேங்கும். வெளியே இருப்பதோ கடல். ஷாஃப்ட் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் ஷாஃப்டைச் சுற்றி ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி முழுக்கத் திறந்துவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு ஒன்றரை டன். கிளாண்டை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. சொட்டைக் கண்டு பதறுகிறவர்களின் பயம் நியாயமானதுதான். பயம் சரி, மருந்துதான் தவறு.

சுருக்கமாக: சுழலும் தண்டு ஒரு சுவரைக் கடக்கும் இடத்தில் கயிற்றை அழுத்தி நீரைத் தடுக்கிறோம். வயலுக்கும் படகுக்கும் இது பொது. படகில் தவறினால் இழப்பு பெரிது.

நீரே எண்ணெய்

இப்போது உள்ளே போவோம். மேலே சொன்ன 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 600 சுற்று சுழல்கிறது என்றால், ஒரு மணி நேரத்தில் பேக்கிங்கின் மீது உரசிக்கொண்டு ஓடும் உலோகத்தின் நீளம் சுமார் 5.6 கிலோமீட்டர். பத்து மணி நேர ஓட்டத்துக்கு 56 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூருக்குப் போய்த் திரும்பும் தூரத்தை விட அதிகம். இவ்வளவு தூரம் ஒரே இடத்தில் கயிறு உலோகத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் வெப்பம் எங்கே போகும்?

அதைக் கொண்டுபோவது நீர்தான். பேக்கிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் ஊர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. அது உலோகத்தையும் கயிற்றையும் நேருக்கு நேர் உரசவிடாமல் வழுக்க வைக்கிறது; உண்டான சூட்டையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. கிளாண்ட் மூடியின் ஓரத்தில் நாம் பார்க்கும் சொட்டு, வேலையை முடித்துவிட்டு வெளியே வந்த நீர்.

சொட்டை அடைத்தால் இந்தப் படலம் அறுந்துவிடும். சில நிமிடங்களில் பெட்டி சுடும். கயிற்றில் ஊறியிருந்த மெழுகும் கொழுப்பும் உருகி வெளியேறும். மெழுகு போன கயிறு சுருங்கும். சுருங்கியதால் ஒழுக்கு மறுபடி தொடங்கும். உடனே இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். இந்தச் சுழற்சி இரண்டு மூன்று முறை நடந்துவிட்டால் அந்தக் கயிறு கயிறாகவே இருக்காது. அப்படிப்பட்ட கிளாண்டைப் பிரித்து வளையத்தை வெளியே இழுத்துப் பாருங்கள். ஷாஃப்டைத் தொட்ட உட்பக்கம் கறுத்து, கண்ணாடிபோல் பளபளத்து, நகத்தால் தட்டினால் டக்கென்று ஒலிக்கும் அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்கும். வெளிப்பக்கத்தில் மட்டும் இன்னும் இழை தெரியும். அந்தக் கெட்டிப்பட்ட பக்கம் ஷாஃப்டின் மீது அரம்போல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நீரையே மசகாக வைக்கும் இந்த யோசனை புதிதல்ல. புரொப்பெல்லர் வைத்த ஆரம்ப கால நீராவிக் கப்பல்களில் ஷாஃப்டைத் தாங்கிய உலோகத் தாங்கிகள் மிக வேகமாகத் தேய்ந்து, பின்பக்கம் நீர் கொட்டியது. 1850-களில் இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் பென், நீரில் மூழ்கும் அளவுக்குக் கனத்த, இயல்பாகவே பிசின் செறிந்த லிக்னம் வைட்டே என்ற மரத்தின் பட்டைகளைத் தாங்கியின் உட்புறம் வரிசையாகப் பதித்து, பட்டைகளுக்கு நடுவே கடல்நீர் ஓட வழிவிட்டார். தேய்மானம் அதிசயமாகக் குறைந்தது. இன்று பல படகுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உட்புறத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் தெரிகின்றன அல்லவா? அவையும் நீர் ஓடும் வாய்க்கால்களே. ரப்பர் உலர்ந்தால் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும், நனைந்தால் வழுக்கும்.

இதனால் ஒரு கண்டிப்பான விதி பிறக்கிறது. சிலிப்வேயில், அதாவது படகைக் கரையேற்றும் சரிவில், ஏற்றி வைத்த படகில், எஞ்சின் ஓடுகிறதா என்று சோதிக்கும்போது கியர் போடாதீர்கள். நீரில்லாமல் ஷாஃப்ட் சுழன்றால், சிறிது நேரத்திலேயே ரப்பர் புஷ்ஷும் பேக்கிங்கும் சூடேறிக் கெட்டுவிடும்.

எவ்வளவு சொட்டலாம்?

ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு ஒரு சில சொட்டு முதல் பத்து, பன்னிரண்டு சொட்டு வரை நல்ல நிலை. படகு நின்று ஷாஃப்டும் நின்ற பிறகு சொட்டு நிற்க வேண்டும், அல்லது எப்போதோ ஒன்று விழலாம். புதுக் கயிறு போட்ட முதல் சில மணி நேரம் இதை விடக் கூடுதலாகச் சொட்டினால் அதை விட்டுவிடுங்கள். கயிறு ஷாஃப்டின் வடிவத்துக்குப் படிய நேரம் வேண்டும்.

பத்துச் சொட்டு என்பது எவ்வளவு நீர்? ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். ஆகவே நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு என்றால் மணிக்கு 30 மில்லிலிட்டர், பத்து மணி நேர ஓட்டத்துக்கு 300 மில்லிலிட்டர். மேலே சொன்ன மணிக்கு ஒன்றரை டன்னோடு இதை ஒப்பிட்டால், எந்தச் சொட்டுக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது விளங்கும். சொட்டு என்று எண்ண முடிகிற வரை கவலையில்லை. எண்ண முடியாமல் நூல்போல் ஓடத் தொடங்கினால் கை வைக்க வேண்டும்.

சொட்டை விடவும் நம்பகமான சோதனை சூடு. அரை மணி நேரம் ஓடிய பிறகு, பெட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுழலும் ஷாஃப்டைத் தொடவே கூடாது. லுங்கியின் நுனியும் தோளில் தொங்கும் துண்டும் அதன் அருகில் வரவே கூடாது. சந்தேகமிருந்தால் கியரை எடுத்துவிட்டுத் தொடுங்கள். பெட்டி கடல்நீரை விடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை என்றால், சொட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும், அது அதிக இறுக்கம்.

கிரீஸ் செய்வதும் செய்யாததும்

பல கிளாண்டுகளின் தலையில் ஒரு சிறு கிண்ணம்போல் கிரீஸ் கப் இருக்கும். மூடியைத் திருகினால் கிரீஸ் உள்ளே இறங்கும். “கிரீஸ் நிறைய வைத்துவிட்டால் நீர் வராது, சூடும் ஆகாது” என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது.

கிரீஸ் இரண்டு வேலைகளை நன்றாகச் செய்யும். படகு நின்ற பிறகு பேக்கிங்கின் நுண்ணிய இடைவெளிகளை நிரப்பி, நிற்கும் நேரச் சொட்டை அடக்கும். புறப்படும்போது, நீர்ப்படலம் உருவாவதற்கு முந்தைய முதல் சுற்றுகளில் வறட்டு உரசலைத் தணிக்கும். ஆனால் சூட்டை எடுத்துக்கொண்டு போக அதனால் முடியாது. நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் குளிர்விக்கிறது. கிரீஸ் ஒரே இடத்தில் கிடந்து தானும் சூடாகிறது. சொட்டை நிறுத்தும் நோக்கத்தோடு கிரீஸை அழுத்தி நிரப்பினால், நீர் வரும் வழியை நாமே அடைக்கிறோம்.

அளவாகச் செய்ய வேண்டியது இதுதான். புறப்படும் முன்னும் வந்து கட்டிய பின்னும் மூடியை ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்று திருகுங்கள். நீண்ட ஓட்டமானால் நடுவில் ஒருமுறை. நீரால் அடித்துச் செல்லப்படாத, கடல் உபயோகத்துக்கான கிரீஸை வாங்குங்கள். சாதாரண வண்டி கிரீஸ் உப்புநீரில் பால்போல் வெளுத்துக் கரைந்து ஓடிவிடும். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறினால் பழையதைத் துடைத்துவிட்டு மாறுங்கள். சில கிரீஸ்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகிவிடும். ரப்பர் புஷ் உள்ள படகில் அந்த ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் கிரீஸ்தானா என்று கேட்டு வாங்குவது அவசியம். கனிம எண்ணெய் கிரீஸ் பட்டால் சில ரப்பர்கள் உப்பிவிடும்.

இதுவரை: மசகும் குளிர்ச்சியும் நீரின் பொறுப்பு. கிரீஸ் அதற்குத் துணை. சுழலும்போது சொட்ட வேண்டும், பெட்டி சுடக் கூடாது.

நட்டு இறுக்குவதில் இருக்கும் நிதானம்

சொட்டு கூடிவிட்டது, இறுக்கத்தான் வேண்டும் என்றால், அவசரம்தான் முதல் எதிரி. நட்டுக்கு ஆறு பக்கம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் அளவுக்கு, அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். மூடியில் இரண்டு நட்டு இருந்தால் இரண்டையும் ஒரே அளவு. ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று ஆனால் மூடி சாய்ந்து, அதன் உலோக விளிம்பே ஷாஃப்டில் உரசும். மூடிக்கும் பெட்டிக்கும் இடையிலான இடைவெளியை இரு பக்கமும் அளந்து பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும்.

திருப்பிய பிறகு சில நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கயிறு உடனே பதில் சொல்லாது. அழுத்தம் உள் வளையம் வரை பரவ நேரம் எடுக்கும். பார்த்த மாத்திரத்தில் இன்னொரு திருப்பு, அடுத்து இன்னொன்று என்று போனால், பத்து நிமிடம் கழித்து எல்லாத் திருப்பும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும்போது பெட்டி கொதிக்கும். சரியான அளவு வந்ததும் பூட்டு நட்டை, அதாவது முதல் நட்டு தானாகக் கழன்றுவிடாமல் பிடிக்கும் இரண்டாவது நட்டை, மறக்காமல் இறுக்கிவிடுங்கள். எஞ்சின் அதிர்விலேயே கழன்ற மூடிகள்தான் நடுக்கடலில் “திடீர் ஒழுக்கு” என்று பேர் எடுக்கின்றன.

நடுக்கடலில் பெட்டி கொதிப்பதைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, கியரை எடுத்து, நட்டைச் சற்றுத் தளர்த்தி, நீர் வரவிடுங்கள். ஆறிய பிறகு மெதுவாக ஓட்டிக் கரைக்கு வாருங்கள். மாறாக நீர் ஓடினால் முதலில் மூடி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

கயிறு மாற்றுவது

இறுக்க இறுக்க மூடி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் இறுக்க இடமே இருக்காது. அப்போது கயிற்றின் ஆயுள் முடிந்தது. சிலர் மூடியைக் கழற்றி, பழைய வளையங்களின் மேல் புதிதாக ஒரு வளையத்தை மட்டும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உள்ளே கெட்டிப்பட்டுக் கிடக்கும் வளையங்கள் அழுத்தத்தைக் கடத்தாது, நீரையும் விடாது. புது வளையம் ஒன்றே மொத்தப் பாரத்தையும் தாங்கிச் சீக்கிரம் கருகும். எடுத்தால் எல்லாவற்றையும் எடுங்கள்.

படகு கரையில் இருக்கும்போது, எஞ்சின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இதைச் செய்வது நல்லது. பழக்கமில்லாதவர் நீரில் மிதக்கும் படகில் முயல வேண்டாம். முனை வளைந்த கொக்கியாலோ திருகு முனை கொண்ட கம்பியாலோ வளையங்களை ஒவ்வொன்றாக இழுங்கள். ஷாஃப்டில் கீறல் விழக் கூடாது. வந்த வளையங்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அத்தனைதான் திரும்பப் போக வேண்டும். மிகப் பழைய படகானால் உள்ளே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த கயிறு இருக்கக் கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. நனைத்து எடுங்கள், உலர்வாகச் சுரண்டாதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள்.

கயிற்றின் பருமனைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. பெட்டியின் உள்விட்டத்திலிருந்து ஷாஃப்டின் விட்டத்தைக் கழித்து, பாதியாக்குங்கள். பெட்டி 75 மில்லிமீட்டர், ஷாஃப்ட் 50 மில்லிமீட்டர் என்றால் கயிறு 12.5 மில்லிமீட்டர். பருமனான கயிற்றைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கித் திணிப்பது இழைகளை உடைக்கும்.

எந்தக் கயிறு என்பதில்தான் டெல்டாவில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பம்பு செட் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் கறுப்பு நிறக் கிராஃபைட் கயிறு நிலத்தில் நன்றாக உழைக்கும். “அதே கிளாண்ட்தானே” என்று அதையே படகுக்கும் வாங்கிவிடுகிறார்கள். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். கிராஃபைட்டும் கடத்தும். இரண்டுக்கும் நடுவில் வெண்கலமோ துருப்பிடிக்காத எஃகோ இருந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, உலோகம் மெல்லக் கரைந்து குழிகள் விழும். இதைக் கால்வானிக் அரிப்பு என்பார்கள். கடல் படகுக்கு மெழுகோ கொழுப்போ ஊறிய சணல்வகைக் கயிறு, அல்லது டெஃப்லான் ஊறிய செயற்கை இழைக் கயிறு பொருத்தம்.

வெட்டும்போது, ஷாஃப்டின் அதே விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றில் கயிற்றைச் சுற்றி, கூர்மையான கத்தியால் சுற்றுகளின் குறுக்கே ஒரே கோடாகக் கீறுங்கள். ஒரே அளவு வளையங்கள் கிடைத்துவிடும். முனைகள் மடிப்பில்லாமல் சந்திக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, இடைவெளியும் விடக் கூடாது. வெட்டாமல் ஒரே நீளக் கயிற்றைச் சுருளாகத் திணித்தால், அந்தச் சுருளே நீர் ஏறிவரும் பாதையாகிவிடும். ஒவ்வொரு வளையத்தையும் கிரீஸ் தடவித் தனித்தனியாக உள்ளே தள்ளி, இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வராதபடி அமையுங்கள். மூன்று வளையமானால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒவ்வொன்றும். கிரீஸ் வரும் துளைக்கு நேராக உள்ளே ஒரு துளையிட்ட உலோக வளையம் இருந்தால், அதைப் பழைய இடத்திலேயே வையுங்கள். ஒரு வளையம் முன்பின் ஆனாலும் கிரீஸ் வழி அடைபடும். பிறகு மூடியைக் கையால் முடிந்தவரை மட்டும் திருகிவிட்டு நிறுத்துங்கள். ஸ்பேனருக்கு வேலை படகு நீரில் இறங்கிய பிறகுதான்.

புதுக் கயிறு போட்டும் நிற்கவில்லை என்றால்

அப்போது பழுது கயிற்றில் இல்லை. விரலை ஷாஃப்டின் மீது, பேக்கிங் உட்காரும் இடத்தில், நீளவாக்கில் நகர்த்திப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தக் கயிறும் அதை அடைக்காது. கடைசல் பட்டறையில் அந்த இடத்துக்கு உறை போட முடியுமா, ஷாஃப்டையே மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டிய நேரம் அது.

ஷாஃப்ட் வழவழப்பாக இருந்தும் ஒழுகினால் ஆட்டத்தைச் சந்தேகியுங்கள். கரையில் இருக்கும்போது புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் புஷ்ஷின் தேய்மானம் கைக்குத் தெரியும். நம் கரையில் புஷ் விரைவாகத் தேய ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. கடுவையாற்று முகமோ அரசலாற்று முகமோ கொள்ளிட முகமோ, துறைமுகத்துக்குள் வந்துபோகும் பாதையில் நீர் எப்போதும் மண்ணோடு கலங்கித்தான் ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வண்டல் இன்னும் அதிகம். அந்த மணல்துகள்தான் புஷ்ஷின் வாய்க்கால்களுக்குள்ளும் பேக்கிங்குக்குள்ளும் போய் உட்கார்ந்து அரைக்கிறது. ஆழம் குறைந்த முகத்துவாரத்தில் புரொப்பெல்லர் சேற்றைக் கலக்கும்படி வேகமாக ஓட்டாமல் இருப்பதே இதற்கு நல்ல காப்பு.

இன்னொரு காரணம் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போவது. எஞ்சின் அடிப்பலகையின் போல்ட் தளர்ந்திருக்கலாம். அறுந்த வலையோ கயிறோ புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டு ஷாஃப்டை வளைத்திருக்கலாம். வளைந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் கயிற்றை ஒரு பக்கமாகத் தள்ளி இடைவெளி உண்டாக்கும். வலை சுற்றிய பிறகு சொட்டும் கூடி அதிர்வும் கூடியது என்றால், ஸ்பேனரைத் தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

சுருக்கம்: கயிறு தேய்ந்தால் மாற்றுங்கள். மாற்றியும் நிற்காவிட்டால் ஷாஃப்ட், புஷ், நேர்கோடு என்ற வரிசையில் தேடுங்கள். இறுக்குவது இவற்றில் எதையும் சரிசெய்யாது.

சொட்டாத சீல்கள்

கயிறே இல்லாத சீல்களும் இருக்கின்றன. ஒரு வகையில் ரப்பர் உதடுகள் ஷாஃப்டைப் பற்றிக்கொள்ளும். இன்னொரு வகையில் நிலையாக நிற்கும் ஒரு கார்பன் வளையமும் ஷாஃப்டோடு சுழலும் ஓர் எஃகு வளையமும் முகத்தோடு முகம் அழுந்தி நிற்கும். இவை வெளியே சொட்டுவதில்லை. ஆனால் இவற்றுக்கும் உள்ளே நீர் எட்ட வேண்டும். அந்த முகங்களை நனைத்துக் குளிர்விப்பதும் நீர்தான். ஆகவே படகைக் கரையிலிருந்து இறக்கியதும் சீலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முகம் அழுந்தும் வகையில், எஞ்சின் நின்றிருக்கும்போது, கார்பன் வளையத்தைத் தாங்கும் ரப்பர் துருத்தியைக் கையால் சற்றுப் பின்னுக்கு இழுத்து நீர் பீச்சும் வரை பிடித்தால் போதும். இதைச் செய்யாமல் ஓட்டினால், சொட்டாத சீலும் காய்ந்து கெடும். பராமரிப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் கெட்டால் நடுக்கடலில் ஸ்பேனரால் சமாளிக்க வழியில்லை. நாள்கணக்கில் கடலில் தங்கும் படகுக்கு, எந்தத் துறையிலும் கயிறு கிடைக்கும் பழைய கிளாண்டே மேல் என்பது என் எண்ணம்.

தடைக்காலத்துக்குப் பிறகு

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. டெல்டாவில் வயலும் கடலும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் விழித்துக்கொள்கின்றன. கிளாண்ட் கயிறும் கிரீஸும் கடைகளில் அப்போதுதான் வேகமாக விற்கும்.

கரையேற்றிய படகில் இரண்டு மாத வெயிலில் பேக்கிங் காய்ந்து சுருங்கியிருக்கும். நீரிலேயே கட்டிக் கிடந்த படகிலோ, கயிற்றுக்கு அடியில் தேங்கிய உப்புநீர் ஷாஃப்டில் குழி விழ வைக்கத் தொடங்கியிருக்கும். அதனால் தடைக்காலத்திலும் இடையிடையே ஷாஃப்டைக் கையால் சில சுற்றுச் சுற்றிவிட்டு, கிரீஸ் கப்பை ஒரு திருப்புத் திருப்புவது நல்லது. இறக்கும் நாளில் எஞ்சினைக் கிளப்பும் முன் ஷாஃப்ட் கையால் சுலபமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் மூடியைத் தளர்த்துங்கள்.

நீரில் இறங்கியதும் காய்ந்த கிளாண்ட் தாராளமாகச் சொட்டும். இந்த நேரத்தில்தான் பலர் இறுக்கிவிடுகிறார்கள். நீர் இறைக்கும் மோட்டார் வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஓரிரவு அப்படியே விடுங்கள். கயிறு நீரை உறிஞ்சி உப்பி, பெரும்பாலும் தானே அடங்கும். மறுநாள் துறைமுகத்துக்குள்ளேயே அரை மணி நேரம் ஓட்டி, சொட்டை எண்ணி, பெட்டியைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் நட்டில் ஒரு பக்கம் திருப்புங்கள். முதல் ஓட்டம் முடிந்து திரும்பியதும் அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.